வடத்தைத் தடவிய கை

மேட்டுக்குப் போகும் ரயிலுக்கு இரண்டே பெட்டிகள். ஒரே இரும்பு வடத்தின் இரு முனைகளில் இரண்டையும் மாட்டியிருந்தார்கள். ஒன்று இறங்கினால்தான் மற்றது ஏறும். முதலில் நீராவி, பிறகு மின்சாரம் என்று எழுபது வருஷமாக அது நகரத்தில் பாதிப் பேரைச் சுமந்தது. அந்த வடத்துக்குக் காவல் நம்மாள். கம்பிக்காரர் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும்.

தினமும் முதல் வண்டிக்கு முன்னால், மேல் நிலையத்து இயந்திர அறையில் வடத்தை மெதுவாக ஓடவிட்டுச் சோதிப்பார். துணி சுற்றிப் பிடிக்க வேண்டும் என்பது விதி. அறுந்த இழை துணியில் மாட்டும். இவருக்கா துணி?

"துணிக்கு என்னய்யா தெரியும்? கை சொல்லும்!" என்று வெறுங்கையால் தடவுவார். முப்பது வருஷம் கை சொல்லிக்கொண்டுதான் வந்தது. அதில் மனுஷனுக்குப் பெருமை பிடிபடாது.

அப்புறம் சர்க்கரை வந்தது. விரல்கள் மரத்துப்போயின. வெளியே சொன்னால் வேலை போகும். துணியை எடுத்தாலோ, பேசிய பேச்சுக்கு எல்லோரும் சிரிப்பார்கள். வாயை மூடிக்கொண்டு தடவினார். ஏட்டில் 'சரி' என்று எழுதினார். பாவி மனுஷன்!

ஒரு மத்தியானம் மனைவி வழக்கம்போலக் கீழிருந்து வண்டியேறிச் சாப்பாடு கொண்டுவந்தாள். கைகழுவத் தண்ணீர் ஊற்றினாள். கறுப்பு மசகு கரைய, அடியிலிருந்து சிவப்பாக வந்தது.

"ஐயோ, என்னங்க இது? உள்ளங்கையெல்லாம் கிழிஞ்சிருக்கு!"

எட்டு, ஒன்பது கீறல்கள். காலையில் ஒன்றுகூட அவருக்கு உறைக்கவில்லை. அத்தனையும் வடத்தில் அறுந்த இழைகள் கிழித்தவை. வெளியே இரண்டு வண்டியும் கூட்டத்தோடு ஓடிக்கொண்டிருந்தன.

"நிறுத்துய்யா! வண்டிய நிறுத்து!" என்று இயந்திரக்காரரிடம் ஓடினார்.

பாதி மேட்டில் நின்ற பெட்டிகளிலிருந்து ஜனங்கள் திட்டிக்கொண்டே தண்டவாளத்தோரப் படியில் இறங்கிப் போனார்கள். துணி சுற்றிப் பார்த்தபோது ஒரு முழத்துக்குள் பதினேழு இழை அறுந்திருந்தது. நாலு அறுந்தாலே வடத்தை மாற்ற வேண்டும்.

விஷயம் தெரிந்து வந்த ரயில் பொறியாளர் கேட்டார்: "எத்தனை நாளா கை இப்படி?"

"ஒரு வருஷமாச்சுங்க."

அறைச் சாவியை அங்கேயே வாங்கிக்கொண்டு அவரை வெளியே அனுப்பினார்கள். மனைவி வாசலில் தூக்குச்சட்டியோடு நின்றிருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருந்தது.

"ஒரு வருஷமா தினமும் நான் அதுலதானே வந்தேன்?" என்றாள். "என்னைப் பத்தி நினைக்கவே இல்லையா?"

"யாரும் கண்டுபிடிச்சிடக் கூடாதேன்னுதான் நினைச்சுக்கிட்டிருந்தேன்."

அவள் அவரை ஒரு தரம் ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு தனியாகப் படியிறங்கத் தொடங்கினாள்.