மிருதுளாபென்னும் இரண்டு ஒன்றாம் நம்பரும்

ஜாம்நகரில் சூரியன் தினமும் உதிக்கிறதென்றால், அது மிருதுளாபென் வசாவடாவிடம் முகவரிச் சான்று காட்டி, அவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் உதிக்கிறது. இப்போதுகூட அவர் தட்டில் ஊற்றிய டீயை உறிஞ்சியபடி ஒரு பில்லை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். தேதி பழசாக இருந்து மை வாசம் புதுசாக அடித்தால், கொண்டுவந்தவர் பாடு அவ்வளவுதான்.

"இது தீபாவளிக்கு முன்னாடி எழுதினதா பாய்? ஈரமே காயலியே. வீட்டுக்குப் போய் நிஜத்தை எடுத்துட்டு வாங்க."

வெளியே பலகையில் வரி ஆலோசகர் என்று இருக்கிறது. பித்தளைப் பட்டறைக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் 'மூக்கு'. நேரில் சொல்லத்தான் யாருக்கும் தைரியமில்லை. கிடங்கில் இவ்வளவு மூட்டை சரக்கு என்று எழுதிக் கொடுத்தால் மட்டும் அவருக்குப் போதாது. நேரில் போய், செருப்பைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு மூட்டையையும் கால் கட்டைவிரலால் உதைத்துப் பார்ப்பார். பித்தளை இருந்தால் மூட்டை அசையாது, விரல்தான் வலிக்கும். வலது கட்டைவிரல் நகம் நிரந்தரமாகக் கறுத்துக் கிடக்கிறது.

"பாக்காததுக்குக் கையெழுத்துப் போட்டா நாளைக்கு உள்ள போறது நீங்க மட்டுமில்ல, நானும்தான். அங்கயும் உங்க முகத்தையே பாக்கணுமா எனக்கு?"

ஒருநாள் யாரோ அவருடைய முத்திரைப் பெட்டிக்குள் ரப்பர் பல்லி ஒன்றை வைத்துவிட்டார்கள். மிருதுளாபென் அலறவில்லை. பல்லியைப் புரட்டிப் போட்டு, வயிற்றில் 'பெறப்பட்டது' என்று முத்திரை குத்தி, இழுப்பறைக்குள் போட்டு மூடினார். கதவுக்குப் பின்னால் அலறலுக்காகக் காத்திருந்த காது ஏமாந்து போனது.

இப்படிப்பட்டவரிடம்தான் பட்டறை முதலாளி வால்ஜிபாய் போன குளிர்காலத்தில் ஓடிவந்தார். வந்த வினை லாப பஞ்சமியில் தொடங்கியது. தீபாவளி கழிந்து அன்றுதான் கடை திறப்பார். குங்குமம் வைத்துப் புதுப் பில் புத்தகத்தை ஒன்றாம் நம்பரிலிருந்து ஆரம்பிப்பார். அவருக்கு வருஷம் அன்று பிறக்கிறது. சட்டத்துக்கோ ஏப்ரலில் பிறக்கிறது, அதற்காக அப்போதும் ஒன்றாம் நம்பரிலிருந்து பில் தொடங்கியாகிவிட்டது; ஒரு வருஷத்துக்குள் ஒரே நம்பர் இரண்டு முறை வரக்கூடாது. இரண்டாவது முறை வந்த ஒன்றாம் நம்பரை வரித் துறைக் கணினி ஏற்கவில்லை. மருமகன் பாவின் யாரையும் கேட்காமல், நம்பருக்கு முன்னால் ஓர் 'ஏ' சேர்த்து எல்லாவற்றையும் ஏற்றிவிட்டான்.

ஆக, கணினியில் 'ஏ1', காகிதத்தில் வெறும் '1'. 'ஏ' போட்ட பில்களையே காணோமே, சரக்கே போகாமல் எழுதிய போலிப் பில்களா என்று கேட்டு வரி அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. பட்டறையின் வரிப் பதிவு ரத்தானால் பில் எழுத முடியாது. பில் இல்லாமல் சரக்கு வாசலைத் தாண்டாது. கடைசல் இயந்திரங்கள் நின்றுபோகும்.

"பென், எல்லாத்தையும் 'ஏ' போட்டு மறுபடி அச்சடிச்சிடறேன். தேதி அதே தேதி. ஒரே நாள் வேலை" என்றார் வால்ஜிபாய்.

"நம்பர் மாறினது தப்பு. தப்புக்கு அபராதம் இருக்கு, கட்டிட்டுத் தூங்கலாம். இப்ப நீங்க சொல்றது திருட்டு."

"ஊர்ல எல்லாரும் பண்றதுதானே?"

"அப்ப அந்த எல்லார்கிட்டயும் போய்க் கையெழுத்து வாங்கிக்கோங்க."

நடந்ததை நடந்தபடி மிருதுளாபென் எழுதினார். லாரிச் சீட்டுகளையும், வாங்கியவர்கள் வங்கி வழியாகப் பணம் அனுப்பிய விவரத்தையும் கூடவே கட்டினார். "மூக்கு நம்மளை முழுசா மூழ்கடிச்சிடும்" என்று வால்ஜிபாயின் மைத்துனர் படிக்கட்டில் நின்று புலம்பினார்.

விசாரணை நாளில் வரி அதிகாரி சோலங்கி சாகேப் கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"தப்புன்னு நீங்களே எழுதிக் கொடுக்கறீங்களா, பென்?"

"தப்பை எழுதிக் கொடுக்கறேன் சாகேப். பொய்யைத்தான் எழுதிக் கொடுக்கறதில்ல."

சாகேப் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு காகிதத்தை வெளியே எடுத்தார். ராஜ்கோட்டில் சரக்கு வாங்கியவரிடமிருந்து முன்பே வரவழைத்து வைத்திருந்த பில். நம்பர் வெறும் ஒன்று. மூலையில் லாப பஞ்சமிக் குங்குமம். வால்ஜிபாயின் பிரதியைப் பக்கத்தில் வைத்தார். அதே நம்பர், குங்குமம் ஊறி இறங்கிய அதே மூலையில் அதே கறை.

புதுசாக அச்சடித்த 'ஏ1' ஒன்று அந்த மேசையில் இந்தக் காகிதத்துக்குப் பக்கத்தில் கிடப்பதை வால்ஜிபாய் கண்முன் பார்த்தார்.

"சரக்கு போயிருக்கு, வரியும் வந்திருக்கு. ரத்து கிடையாது. நம்பருக்கு மட்டும் அபராதம்" என்றார் சாகேப்.

வால்ஜிபாய் எழுந்து கும்பிட்டார். மிருதுளாபென் எழுந்திருக்கவில்லை. "ரத்து இல்லேங்கறதை எழுத்துல கொடுங்க சாகேப். காதுல கேட்டதை நான் கோப்புல வைக்க முடியாது."

எழுத்தில் வாங்கிக்கொண்டுதான் இறங்கினார். அன்று மாலை பட்டறைத் தெரு முழுக்க, ஜாம்நகருக்கே பேர்போன உலர் கச்சோரி விநியோகம். மைத்துனர் கடை கடையாகப் போய், "மறுபடி அச்சடிக்க வேணாம்னு அன்னிக்கே நான் சொன்னேன்" என்று அளந்துகொண்டிருந்தார். கடைசல் இயந்திரங்கள் போட்ட சத்தத்தில் அவர் சொன்னது பாதிதான் கேட்டது.

இதையெல்லாம் எழுதியவன் வால்ஜிபாயின் கடைக்குட்டி மகன். பத்திரிகைக்கு அனுப்புமுன் மிருதுளாபென்னிடமே ஒருமுறை காட்டினான். அவர் முதலில் தாளை மோந்து பார்த்தார். பிறகு ஒரு வரி விடாமல் படித்தார்.

"சூரியன் சமாச்சாரம் விளம்பரம், போகட்டும். மூக்கும் போகட்டும். பல்லி வச்சது 'யாரோ'ன்னு போட்டிருக்கியே, அது என்ன? சரக்கு வந்தா அனுப்பினவன் பேர் வேணாமா?"

அவன் கூரையைப் பார்த்தான். மிருதுளாபென் இழுப்பறையைத் திறந்து, பல்லியை எடுத்து, முத்திரை தெரிகிற மாதிரி வயிறு மேலாக அவன் தாளின்மீது வைத்தார். பேனா மூடியைக் கழற்றி அவன் பக்கம் நகர்த்தினார்.