வழியனுப்பு விழாவில் ஒரு கேள்வி

செம்பூரில் எங்கள் பிளாஸ்மா ஆராய்ச்சிப் பிரிவுக்கு ஒரு தலைவர் இருந்தார். ஒல்லியான உடம்பு, மடிப்புக் கலையாத சட்டை. யாரையாவது குத்திப் பேசுவதற்கு முன் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

மூத்த விஞ்ஞானி ஒருவர் ஓய்வு பெற்ற அன்று விழாவில் பேசினார். சூரியனைப் போலக் கொதிக்கும் வாயுவான பிளாஸ்மாவை, அது இருக்கும் உலோகக் கலத்தின் சுவரில் படாமல் நிறுத்திவைப்பதுதான் இனிமேலும் பெரிய சவால் என்றார். தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“நீர் வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கும் இதேதானே ஓய் பிரச்சினை?”

“ஆமா சார்.”

“அப்போ இத்தனை வருஷமா என்னத்தைக் கிழிச்சீர்?”

அறையே சிரித்தது. முன்வரிசையில் விஞ்ஞானியின் மனைவி இருந்தார். விழா முடிந்து மூவரும் வீடு திரும்பும்போது ரயில் ஸ்டேஷனில் என்னிடம், “உங்க தலைவர் சொன்னது நெஜமாப்பா?” என்று கேட்டார்.

“உலகத்துல யாருமே இன்னும் தீர்க்கலை மாமி” என்றேன்.

மாமி நம்பவில்லை. கணவரின் முகத்தைப் பார்க்காமலே லேடீஸ் பெட்டியில் ஏறிக்கொண்டார்.

யாரும் இன்னும் தீர்க்கவில்லை என்பது தலைவருக்கும் தெரியும். தெரிந்தே ஏன் அப்படிக் கேட்டார் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.