பெட்டியில் எழுதியிருந்த வேகம்

மயிலாப்பூரில் எங்கள் வீட்டு முன்னறைதான் என் அலுவலகம். கட்டப்போகும் வீட்டின் வரைபடத்தை வாங்கி, அதற்குள் நடந்துபோய்ப் பார்ப்பது போலக் கணினியில் செய்து தருவேன். செங்கல் வந்து இறங்குவதற்கு முன்பே சுவரில் வெயில் விழும், ஜன்னல் திரை அசையும். காகிதத்தில் பார்த்து எல்லாவற்றுக்கும் தலையாட்டியவர்கள், இதைப் பார்த்த பிறகு "ஐயோ, இந்தக் கதவு இங்க வேண்டாம்" என்பார்கள். அதற்காகத்தான் எனக்குப் பணம் தருகிறார்கள்.

பெசன்ட் நகரிலிருந்து ஒரு தம்பதி என்னிடம் வந்தார்கள். இருவரும் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள். அந்த அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து, இப்போது சக்கர நாற்காலியில்தான் நடமாட்டம். அவருக்குத் தோதாக வீட்டின் கீழ்த்தளத்தை மாற்றிக் கட்ட நினைத்திருந்தார்கள். அந்த அம்மாவுக்குப் பேச்சு மெதுவாகத்தான் வந்தது. ஆனால் என்ன வேண்டும் என்பதில் ஒரு குழப்பமும் இல்லை.

"கைப்பிடி வைம்மா. சரிவு வை. எல்லாம் வை. ஆனா ஆஸ்பத்திரி மாதிரி இருக்கக் கூடாது. எங்க வீடு மாதிரி இருக்கணும்."

எனக்கு அவரை உடனே பிடித்துப்போயிற்று. அவர்கள் வீட்டுக்கே போய்ப் படம் எடுத்து வந்தேன். பிரம்பு நாற்காலி, மாதா படத்துக்கு முன்னால் எரியும் சிறிய நீல விளக்கு, புத்தக அலமாரி, பால்கனித் தொட்டிகள் என்று ஒவ்வொன்றையும் கணினிக்குள் கொண்டுவந்தேன். எல்லாம் சேரச் சேர என் கணினி திணற ஆரம்பித்தது. திரைச்சீலையை மாட்டினால் அலமாரி வர மறுத்தது. ரேம் என்ற நினைவகம் போதவில்லை என்று திரையில் ஓர் அறிவிப்பு வந்து வந்து நின்றது.

அந்தக் கணினியை எனக்குப் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிக் கொடுத்தவர் என் கணவரின் தம்பி. கோடம்பாக்கத்தில் ஒரு ஸ்டுடியோவில் வேலை. கணினி என்றால் எங்கள் குடும்பத்தில் அவர் சொல்தான் கடைசிச் சொல். போன் செய்தேன்.

"நாலு ஸ்லாட்ல ரெண்டுதானே அண்ணி ரொம்பியிருக்கு? அதே ரேம் இன்னும் ரெண்டு வாங்கி மாட்டுங்க. முடிஞ்சுது."

"ஒத்துப்போகுமா?"

"அதே கம்பெனி, அதே ஸ்பீடு. எப்படி ஒத்துப்போகாம இருக்கும்?"

தி.நகரில் ஒரு கடையின் முதல் மாடிக்குப் போனேன். பழைய ரேமின் படத்தைக் காட்டினேன். கடைக்காரர் அதைப் பெரிதாக்கிக்கூடப் பார்க்கவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து ஒரு பெட்டியை எடுத்து வைத்தார்.

"அதே ஐட்டம்தான் மேடம் இது."

"நாலும் சேர்ந்து இதே வேகத்துல ஓடுமா?"

"இன்னா மேடம் இப்டி கேக்குறீங்க? டாப் ஸ்பீடு. மாட்டுங்க, சும்மா பிச்சிக்கினு போவும்."

வீட்டுக்கு வந்து மாட்டினேன். விசிறி சுற்றியது, விளக்கு எரிந்தது. திரை மட்டும் கருப்பாகவே இருந்தது. எதையோ எரித்துவிட்டோம் என்றே நினைத்தேன். அணைத்தேன், மறுபடி போட்டேன். மறுபடியும் கருப்பு. புது ரேம் மாட்டினால் கணினி அதைப் பழகிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கும், அதுவரை திரையில் ஒன்றும் வராது என்பதை இணையத்தில் தேடித்தான் தெரிந்துகொண்டேன். இதைப் பெட்டியின் மேல் ஒரு வரி எழுதி ஒட்டினால் என்ன? வேகத்தை மட்டும் தங்க எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

ஒரு வழியாகத் திரை வந்தது. வேலையைத் தொடங்கினேன். சமையலறை வரைக்கும் கொண்டுவந்திருப்பேன், பிழை என்று சொல்லும் நீலத் திரை வந்து கணினி அணைந்து எழுந்தது. அன்று முழுக்க அதே கதை. சேமித்து வைக்காத வேலையெல்லாம் போயிற்று.

பெட்டியோடு கடைக்குப் போனேன். "ரேம் நல்லாத்தான் கீது மேடம், மதர்போர்டுலதான் பிரச்சனை" என்றார். பிரித்த பெட்டியைத் திரும்ப எடுக்கவும் மாட்டாராம். ரேமைச் செருகும் அந்த மதர்போர்டுக்கான சர்வீஸ் சென்டர் கே.கே. நகரில் இருந்தது. முழுக் கணினியையும் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். டோக்கன் வாங்கிக் காத்திருந்தேன். முறை வந்ததும், அங்கிருந்தவர் கைவிளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, "போர்டு நல்லா இருக்கு. ரேம் எங்க பொருள் இல்லையே, அவங்களைக் கேளுங்க" என்றார். ரேம் கம்பெனிக்குப் போன் செய்தேன். அங்கே ஒரு பெண் மிகவும் இனிமையான குரலில், உங்கள் போர்டு கம்பெனி சோதித்துப் பார்த்த ரேம்களின் பட்டியலில் இது இருக்கிறதா என்று கேட்டார். பட்டியலா? அப்படி ஒன்று இருப்பதை வாங்குவதற்கு முன்னால் யாருமே சொல்லவில்லையே!

அந்தப் பட்டியலைத் தேடிப் பிடித்தேன். என் ரேம் அதில் இருந்தது. ஆனால் இரண்டு மாட்டினால் மட்டும்தான் அந்த வேகம். நான்கு மாட்டினால் வேகத்தை வெகுவாகக் குறைக்க வேண்டுமாம். போதாக்குறைக்கு, பழைய ஜோடியும் புது ஜோடியும் பெயரில்தான் ஒன்று. ஸ்டிக்கரின் மூலையில் பொடி எழுத்தில் இருந்த பதிப்பு எண் வேறு. உள்ளே இருக்கும் சில்லுகளே வேறு என்று அர்த்தம்.

சரி, குறைத்துவிடுவோம் என்று நானே கணினியின் அமைப்புகளுக்குள் போய் வேகத்தை இறக்கி வைத்தேன். அதன்பின் கணினி ஒருமுறைகூட விழவில்லை. டாப் ஸ்பீடுக்குக் கொடுத்த பணத்துக்கு மாட்டுவண்டி ஓட்டுகிறோமே என்று எரிச்சல் இருந்தது. ஆனாலும் அலமாரி வந்தது, திரைச்சீலை வந்தது, நீல விளக்கும் எரிந்தது. திங்கட்கிழமை மாலை வரச்சொல்லித் தம்பதிக்குத் தகவல் அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை கணவரின் தம்பி சாப்பிட வந்திருந்தார். நான் மீன் வறுத்துக்கொண்டிருந்தபோது முன்னறையில் கணினி முன் உட்கார்ந்திருந்தார். ஏதோ பாட்டு கேட்கிறார் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை அந்த அம்மாவின் சக்கர நாற்காலியை எங்கள் வாசல் படியில் தூக்கி ஏற்றவே மூன்று பேர் தேவைப்பட்டார்கள். அவர் மூச்சு வாங்கிக்கொண்டு திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். நான் வாசல் சரிவிலிருந்து ஆரம்பித்தேன். ஹால் வந்தது. பிரம்பு நாற்காலியைப் பார்த்ததும் அவர் கணவரின் கையைத் தட்டி, "பாருங்க, உங்க சேர்" என்று சிரித்தார். படுக்கையறைக்குப் போகும் நடையில் திரும்பினேன். நீலத் திரை.

மறுபடி போட்டேன். அதே திருப்பத்தில் மறுபடி நீலத் திரை. அதற்கடுத்த முறை கருப்பாகவே நின்றுவிட்டது. விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

அந்த அம்மா கருப்புத் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெதுவாக, "இதுக்கும் ஸ்ட்ரோக்காம்மா?" என்றார்.

சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றேன். அவர் கணவர்தான் முதலில் சிரித்தார்.

அவர்கள் முன்னாலேயே கணினியின் பக்கத் தகட்டைக் கழற்றினேன். என் கணவர் செல்போன் வெளிச்சம் பிடிக்க, புது ரேம் இரண்டையும் பிடுங்கி மேசைமேல் போட்டேன். பழையது இரண்டை வைத்துக்கொண்டு முழு வீட்டையும் ஓட்ட முடியாது. அதனால் திரைச்சீலைகளை எடுத்தேன், தொட்டிகளை எடுத்தேன், அலமாரியை எடுத்தேன், பிரம்பு நாற்காலியையும் எடுத்தேன். வீடு ஓடியது. வெறும் வெள்ளைச் சுவர், கைப்பிடி, அகலமான கதவு.

கடைசிவரை பார்த்தார் அந்த அம்மா. "நடை அகலமா இருக்கு. நல்லது" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா ஆஸ்பத்திரி மாதிரிதான் இருக்கும்மா" என்றார்.

அவர்கள் போன பிறகு கணவரின் தம்பிக்குப் போன் செய்தேன். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அவர் உற்சாகமாக ஆரம்பித்தார்.

"நல்லா ஓடுச்சா அண்ணி? நேத்து பார்த்தேன், ஸ்பீடைக் குறைச்சு வச்சிருந்தீங்க. நான்தான் ஏத்தி விட்டேன். சொல்லலாம்னு நினைச்சேன், சாப்பாட்டுல மறந்துட்டேன்."

"நான் தெரியாம குறைச்சு வைக்கலை. தெரிஞ்சுதான் வச்சேன்" என்றேன். "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? நடக்க முடியாத ஒருத்தரைத் தூக்கிட்டு வந்து உட்கார வச்சு, அவங்க வீட்டை ஆஸ்பத்திரியாக் காட்டி அனுப்பியிருக்கேன்."

நானே போனை வைத்தேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவரிடம் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. என் கணவர் டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தார்.

அடுத்து, போர்டு கம்பெனியின் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஸ்டிக்கரின் பொடி எழுத்து வரை சரிபார்த்து, பெரிய ரேம் இரண்டு அடங்கிய ஒரே ஜோடியை வாங்கினேன். பெட்டியில் போட்டிருந்த வேகம் முந்தையதைவிடக் குறைவுதான். மாட்டினேன். கருப்புத் திரை வந்தபோது அணைக்காமல் காத்திருந்தேன். எழுந்தது. அதற்குப் பிறகு அது விழவே இல்லை.

இந்தமுறை கணினியைத் தூக்கிக்கொண்டு நானே பெசன்ட் நகருக்குப் போனேன். அந்த அம்மா வீட்டை இரண்டு முறை சுற்றிப் பார்த்தார். சமையலறை மேடைக்கு முன்னால் நிறுத்தச் சொல்லி, உட்கார்ந்தபடியே காற்றில் கையை நீட்டிப் பார்த்துவிட்டு, "மேடையை இன்னும் கொஞ்சம் இறக்கணும்மா" என்றார். இறக்கினேன். அவர்கள் வீட்டில் கட்டட வேலை ஆரம்பமாகிவிட்டது.

யாருக்கும் வேண்டாமல் கிடந்த அந்த இரண்டு ரேமையும் கணவரின் தம்பி ஒருநாள் வந்து தன் கணினிக்கு எடுத்துப்போனார். வாசலில் நின்று, "ஸாரி அண்ணி" என்றார். மறுநாள் அவரிடமிருந்து செய்தி: அவர் கணினியில் அவை இரண்டை மட்டும் மாட்டியதில் முழு வேகத்தில் ஓடுகின்றனவாம், இதுவரை ஒரு தொந்தரவும் இல்லையாம். கூடவே கட்டை விரலை உயர்த்திக் காட்டும் பொம்மை வேறு. பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. பதில் போடாமல் வேலையைப் பார்க்கப் போனேன்.