மிச்சக் கதை

மஞ்சக்குப்பத்துப் பெலிசியாவுக்கு ஓரிடத்தில் உட்கார வராது. மகள் மேரி ஷாலினி மனப்பாடம் செய்தே தமிழை வெறுக்கிறாள் என்று கோபம் வந்ததும், இரண்டாம் வகுப்போடு பள்ளியை நிறுத்தி, வீட்டிலேயே சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

இலக்கணப் புத்தகம் பரணுக்குப் போனது. கதைதான் பாடம். உலையில் அரிசியைப் போட்டுவிட்டு வந்து படித்துக்காட்டுவாள். நெஞ்சு திக்கென்கிற இடத்தில் புத்தகத்தை மூடிவிடுவாள். மிச்சத்தை மகள் எழுத வேண்டும். முதலில் இரண்டு வரி வந்தது. பிறகு பக்கம் பக்கமாக வந்தது. பிழைகளும் தானாகக் குறைந்தன.

மஸ்கட்டில் இருக்கும் கணவன் லூர்து பிரகாஷுக்கு இதில் நம்பிக்கையில்லை. சிதம்பரத்தில் டீச்சராக இருக்கும் தன் அக்கா இன்னாசிமேரி சோதித்துப் பார்க்கட்டும், தேறாவிட்டால் பிள்ளை ஜூனிலிருந்து அங்கேயே தங்கிப் படிக்கட்டும் என்று போனில் சொல்லிவிட்டான். மகளைப் பிரிய வேண்டுமா என்று அன்றிலிருந்து பெலிசியாவுக்குச் சோறு இறங்கவில்லை. சிதம்பரம் பஸ்ஸில் ஜன்னலை ஏற்றி இறக்கி, முன்சீட்டுக்காரரிடம் திட்டும் வாங்கினாள்.

"அண்ணி, இலக்கணம் கேட்டீங்கன்னா முழிக்கும். பாதிக் கதை சொல்லுங்க, மீதிய எழுதச் சொல்லுங்க. அப்புறம் பாருங்க எம்பொண்ண" என்றாள் போனதும் போகாததுமாக.

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதுதான் இது.

"மழை விட்டுடுச்சு. ஒரு பொண்ணு வாசல்ல நிக்கிறா. தெருவுல பசங்க வெளயாடுறாங்க" என்று சொல்லி நிறுத்தினார் இன்னாசிமேரி. ஷாலினி எழுத உட்கார்ந்தாள். பெலிசியா கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்தாள்.

எழுதியதைப் படித்த இன்னாசிமேரி அதைப் பெலிசியாவிடம் நீட்டினார்.

'அவளும் ஓடினாள். எனக்கு நிறையக் கதை தெரியும் என்றாள். எல்லாரும் சுற்றி உட்கார்ந்தார்கள். பேய் வரும் இடத்தில் எல்லாரும் கத்தினார்கள். அவளுக்கு ரொம்பச் சந்தோஷம். வீட்டில் அம்மாவுக்கு மட்டும்தான் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு முடிவு முன்பே தெரியும், அதனால் பயப்படவே மாட்டாள்.'

"தேறிட்டா பெலிசியா. தம்பிகிட்ட நானே சொல்றேன். ஒன்கூடவே இருக்கட்டும்" என்றார் இன்னாசிமேரி.

பெலிசியாவுக்குப் பெருமையாக இருந்தது. கூடவே, கதை கேட்கப் பிள்ளைக்குத் தன்னைவிட்டால் ஆளில்லை என்பதும் சுருக்கென்று தைத்தது. ஒரு பிழையாவது இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு மகளிடம் சண்டை போட்டிருப்பாள். தேடிப் பார்த்தாள், இல்லை.

"மனசுல இருக்கிறத இப்படி எழுதுறதுக்குக் கத்துக்குடுத்ததே நாந்தான் அண்ணி" என்றாள். "அப்ப நாந்தானே படிச்சுப் புரிஞ்சுக்கணும். மஞ்சக்குப்பத்துலயே பசங்கள பேச வுடுற ஸ்கூலா ஒண்ணு சொல்லுங்க."