பிடியரிசி வீடு

நாங்கள் தங்கியிருந்த வீட்டில் சோறு ஒருநாளும் ஒரே மாதிரி வெந்ததில்லை. ஒரே கவளத்தில் குழைந்ததும் இருக்கும், பதமாக வெந்ததும் இருக்கும், நறுக்கென்று பல்லில் இடறுவதும் இருக்கும். நிறமும் அப்படித்தான், வெள்ளைக்கு நடுவே சிவப்பு, சிவப்புக்கு நடுவே பழுப்பு. புதிதாக வருகிற பெண் முதல் நாள் தட்டைப் பார்த்துவிட்டு எங்களைப் பார்ப்பாள். பழகிப் போகும், சாப்பிடு என்போம். எங்களுக்கே இன்னும் பழகவில்லை என்பதைச் சொல்வதில்லை.

அது பிடியரிசிச் சோறு. எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவச் சபைகளில் அந்த வழக்கம் உண்டு. வீட்டுப் பெண்கள் உலை வைக்கும்போது, அளந்தெடுத்த அரிசியிலிருந்து ஒரு பிடியைத் திரும்ப எடுத்துச் சின்னப் பானை ஒன்றில் போட்டுவைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அதைப் பையில் கட்டிக் கோயிலுக்குக் கொண்டுவருவார்கள். மற்ற இடங்களில் அது சபைச் செலவுக்குப் போகும். நாகர்கோவிலில் எங்கள் சபைப் பெண்கள் மட்டும் அதைக் கொண்டு ஒரு வீடு நடத்தினார்கள். படிக்கவோ தொழில் பழகவோ டவுணுக்கு வந்து, தலைசாய்க்க இடமும் வயிற்றுக்குச் சோறும் இல்லாத பெண்களுக்கான வீடு. எந்தச் சபை, எந்தச் சாதி, எந்தச் சாமி என்று கேட்கமாட்டார்கள். கேட்டதெல்லாம் ஒன்றுதான். என்ன படிக்கப்போகிறாய்?

நான் ஆசிரியப் பயிற்சிக்கு வந்திருந்தேன். எங்கள் ஊர் ராஜாக்கமங்கலத்துக்கு அந்தப் பக்கம், பனங்காட்டு ஊர். அப்பா பனையேறி. அம்மா அக்கானி என்கிற பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றுவாள். தினமும் பஸ்ஸில் வந்துபோக வசதியில்லை. டவுணில் அறையெடுத்துத் தங்குவதென்றால் சிரிக்கத்தான் வேண்டும். அந்த வீடு இல்லையென்றால் எனக்குப் பயிற்சியும் இல்லை, பரீட்சையும் இல்லை. கருப்பட்டி அடுப்புக்கு முன்னால் போய் உட்கார வேண்டியதுதான். அதைக் கேவலம் என்று சொல்லவில்லை. எனக்கு வேண்டாம் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

என் பாய்க்குப் பக்கத்துப் பாய் குளச்சல்காரிக்கு. தையல் படிக்க வந்தவள். அவளுடைய அப்பா கட்டுமரத்தில் போகிறவர். அவளுக்கு எதைப் பார்த்தாலும் சிரிப்பு வரும். சோற்றில் வேகாத அரிசி அகப்பட்டால் எடுத்துத் தட்டு ஓரத்தில் வரிசையாக அடுக்கி, இது வக்கீல் வீட்டு அரிசி, இது வாத்தியார் வீட்டு அரிசி என்று பேர் வைப்பாள். சமைத்துப்போட்ட அக்கா அதைக் காதில் வாங்கிக்கொள்ளமாட்டாள். புழுங்கல், பச்சை, சம்பா, ரேஷன் கடைப் பழைய அரிசி எல்லாம் ஒரே பானையில் கிடந்தால் ஆண்டவரே வந்து நின்றாலும் பதமாக வடிக்க முடியாது என்பாள். நாங்களும் சுளகில் பரப்பிப் பிரித்துப் பார்த்தோம். ஒரு மணி நேரம் பிரித்தால் ஒரு நாழி அரிசி தேறாது. விட்டுவிட்டோம்.

வீட்டின் வரவுசெலவைப் பார்த்துக்கொண்டவர் சபைச் செயலாளர். ஜவுளிக்கடை வைத்திருந்தார். நல்ல மனிதர், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒருநாள் கூரை ஒழுகுகிறதா என்று பார்க்க வந்தவரைச் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னோம். உட்கார்ந்தார். இரண்டாவது கவளத்தில் அவருக்குக் கடைவாயில் நறுக்கென்றது. எங்களைச் சுற்றிப் பார்த்தார். பிள்ளைகளே, இதையா தினமும் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டபோது அவர் கண் கலங்கிவிட்டது. மல் துணியையும் வாயில் துணியையும் ஒரே மடிப்பில் வைத்தால் பொறுக்காத ஜவுளிக்காரர், ஐம்பது வீட்டு அரிசியை ஒரே பானையில் எப்படிப் பொறுப்பார்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எழுந்து அறிவித்தார். இனி அரிசி வேண்டாம். வீட்டுக்கு மாதம் நாலணா கொடுத்தால் போதும். கோட்டாறு சந்தையில் ஒரே ரக அரிசியாக மூட்டை எடுத்துவிடலாம். பிள்ளைகள் மனுஷச் சோறு சாப்பிடட்டும். நாங்கள் பின்வரிசையில் இருந்தோம். கோயிலுக்குள் கைதட்டக்கூடாது என்பதால் கைதட்டவில்லை. மற்றபடி எங்களுக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. முன்வரிசைப் பெண்கள் ஒன்றும் சொல்லவில்லை. சம்மதம் என்றுதான் எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள்.

முதல் மாதம் நல்ல சோறு சாப்பிட்டோம். பூப்போல இருந்தது. அடுத்த மாதம் மத்தியானம் சோறு, ராத்திரி மரச்சீனிக் கிழங்கு என்று ஆனது. அதற்கடுத்து இரண்டு வேளையும் கிழங்குதான். கிழங்கும் காந்தாரி மிளகும் எனக்குப் பிடிக்காததில்லை. ஆனால் தினமும் அதுவே என்றால் பாடம் கேட்கும்போது வயிறு தனியாக ஒரு பாடம் நடத்தும். காசு வரவில்லை. கொஞ்சம் வீடுகள் கொடுத்தன, பெரும்பாலான வீடுகள் கொடுக்கவில்லை. செயலாளர் தன் கையிலிருந்து போட்டுப் பார்த்தார். கடைசியில் ஒரு சாயங்காலம் வந்து, தலையைக் குனிந்துகொண்டு, இந்த மாதத்தோடு வீட்டை மூடவேண்டியிருக்கும், உங்கள் வீடுகளுக்குச் சொல்லிவிடுங்கள் என்றார்.

என் பரீட்சைக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. ஊருக்குப் போனால் திரும்பி வரமுடியாது என்று எனக்குத் தெரியும். பக்கத்துப் பாய்க்காரி அன்றைக்குச் சிரிக்கவில்லை. பெட்டியை எடுத்து ஜம்பர், முண்டு எல்லாம் மடித்து வைத்தாள். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம் வந்தது. நாலணாவுக்கு வக்கில்லாத வீடுகளா இவை என்று கத்தினேன். நாமே போய்க் கேட்போம் என்று அவளை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனேன்.

சனிக்கிழமை காலை வெட்டூர்ணிமடம் பக்கம் வீடு வீடாக ஏறினோம். எல்லா வீட்டிலும் உட்காரச் சொன்னார்கள், காப்பி கொடுத்தார்கள், படிப்பை விசாரித்தார்கள். காசு என்றதும் பேச்சு வேறு பக்கம் போய்விடும். ஐந்தாவது வீடோ ஆறாவது வீடோ, நல்ல மாடி வீடு. நாலணா அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. நான் கொஞ்சம் வெடுக்கென்றே கேட்டுவிட்டேன். அந்த வீட்டு அம்மா கோபப்படவில்லை. வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"காசுன்னா பிள்ளையளுக்க அப்பாட்ட கேக்கணும் மக்கா. எதுக்கு, யாருக்குன்னு நூறு கேள்வி வரும். அரிசின்னா நான் யாருட்டயும் கேக்காண்டாம்."

ஒரு மாதத்துப் பிடியரிசியைச் சந்தையில் போட்டால் நாலணாவுக்கு மேலேயே வரும். அதைக் கொடுத்துக்கொண்டிருந்தவளால் நாலணாவைக் கொடுக்க முடியவில்லை. தெருவில் இறங்கியதும் குளச்சல்காரி, "ஏட்டி, எங்க வீட்டுலயும் இப்படித்தான். மீன் வித்த காசு முழுசும் அப்பா மடியில" என்றாள். எங்கள் வீட்டைப் பற்றி யோசித்தேன். கருப்பட்டி காய்ச்சுவது அம்மா, சந்தையில் விற்றுக் காசு வாங்குவது அப்பா. இத்தனை வருடம் கண்ணெதிரே நடந்தது, ஒருநாளும் கண்ணில் படவில்லை.

நேரே செயலாளர் வீட்டுக்குப் போனோம். அவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். நடையில் நின்றே சொன்னேன். அரிசி பெண்களுடைய கையில் இருந்தது, நீங்கள் காசு கேட்டு ஆண்களிடம் மாற்றிவிட்டீர்கள் என்று. பெரியவரிடம் பேசுகிற தொனியில் பேசவில்லை, ஒத்துக்கொள்கிறேன். அவருக்கு முகம் சிவந்தது. இந்தக் கமிட்டியில் இருக்கிற எந்த ஆணும் தன் வீட்டுப் பெண்ணுக்கு நாலணா மறுக்கிறவன் இல்லை என்றார். மறுக்கமாட்டார்கள் ஐயா, ஆனால் மாதாமாதம் யார் போய்க் கேட்பது என்றேன்.

அதுவரை கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த அவருடைய மனைவி உள்ளே போனாள். பெரிய ஓலைப்பெட்டி ஒன்றை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து அவருக்கு முன்னால் வைத்தாள். விளிம்பு வரைக்கும் அரிசி.

"நிப்பாட்டச் சொன்னிய. எனக்க கை நிக்கல்ல" என்றாள். "உலை வைக்கும்பம் தானே ஒரு பிடி எடுத்திருது. எடுத்ததைத் திரும்பப் போட மனசு வரல்ல."

அவர் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, எல்லா வீட்டிலும் இப்படித்தான் கிடக்குதா என்று கேட்டார். அவள், போய்ப் பாருங்க என்றாள்.

போய்ப் பார்க்கத் தேவையில்லாமல் போயிற்று. செயலாளரின் மனைவி சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் யார் யாரிடம் சொன்னாளோ தெரியாது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வந்த பெண்கள் பையும் பெட்டியும் சருவப்பானையுமாக வந்தார்கள். சிலர் மகன் தலையில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். மாடி வீட்டம்மா கொண்டுவந்தது ஒரு குட்டிச் சாக்கு. நான் பார்த்ததைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். மூன்று மாதத்துப் பிடியரிசி. கைக்குப் பழகிப்போனதை எந்த அறிவிப்பு நிறுத்தும்? பாதி அரிசியில் வண்டு விழுந்திருந்தது. அதை முற்றத்தில் பாய் போட்டுக் காயவைத்துப் புடைத்தெடுக்க எங்களுக்கு ஒரு வாரம் பிடித்தது. காக்காய் விரட்டிக்கொண்டே நான் போதனா முறைப் பாடம் படித்தேன். குளச்சல்காரி பெட்டியிலிருந்து துணிகளை எடுத்துக் கொடியில் போட்டாள். வீடு மூடப்படவில்லை. செயலாளர் அதன்பிறகு காசுப் பேச்சே எடுக்கவில்லை. எப்போதாவது சாப்பிட வந்தால், நறுக்கென்றாலும் முகத்தில் காட்டிக்கொள்ளாமல் மென்று விழுங்குவார்.

பரீட்சை எழுதினேன், தேறினேன். தோவாளைப் பக்கம் ஒரு பள்ளியில் வேலை கிடைத்தது. ஜன்னலைத் திறந்தால் பிச்சிப்பூ வாசனை வகுப்புக்குள் வரும். முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு ஒரு புடவை எடுத்தேன், அவள் அதைக் கட்டாமலே வைத்திருந்தாள். கல்யாணமும் ஆயிற்று. அவர் தாலுகா கச்சேரியில் குமாஸ்தா. நிதானமான மனிதர், குரல் உயர்த்தமாட்டார். கல்யாணத்துக்கு அடுத்த மாதச் சம்பளத்தை வாங்கிவந்து அவர் கையில் கொடுத்தேன். அவர் கேட்கவில்லை. நானாகக் கொடுத்தேன். எங்களோடு வேலை பார்த்த டீச்சர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். அவர் எண்ணிப் பார்த்து அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியைப் பூணூல் போடுகிறவர்கள் பூணூலில் முடிவதுபோல் அரைஞாணில் முடிந்துகொண்டார். எனக்கு அது ஒன்றும் விசேஷமாகப் படவில்லை.

இந்த மாவட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து, ஊரெல்லாம் அதையே பேசிக்கொண்டிருந்த சமயம். ஒரு சனிக்கிழமை காலையில் இரண்டு பெண்கள் வாசலில் வந்து நின்றார்கள். பிடியரிசி வீட்டிலிருந்து வருகிறோம் என்றார்கள். மழையில் ஓடு சரிந்துவிட்டதாம். அங்கே தங்கிப் படித்து வேலைக்குப் போனவர்கள் ஆளுக்கு ஒரு ரூபாய் கொடுத்தால் மாற்றிவிடலாம் என்று தேடித்தேடி வந்திருக்கிறார்கள். இருவரையும் பார்த்தேன். மெலிந்த முகம், வெயிலில் நடந்த களைப்பு, கையில் பாதி நிறைந்த ஓர் அரிசிப் பை. அதிலும் ஒருத்தி, கொடுக்காமலா போய்விடுவாய் என்பதுபோல் என்னை முறைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு அவளை மிகவும் பிடித்துவிட்டது.

இதோ வருகிறேன் என்று உள்ளே போனேன். அலமாரி பூட்டியிருந்தது. அவர் கச்சேரிக்குப் போயிருந்தார். திரும்பி வந்து, "காசுன்னா அவிய வரட்டும் மக்கா, கேட்டுட்டுத்தான்" என்றேன்.

மாடி வீட்டம்மாவின் குரல் என் வாயிலிருந்து வந்ததுபோல் இருந்தது. அவளாவது சம்பாதிக்காதவள். நான் மாதம் முழுவதும் தொண்டை வறளக் கத்திச் சம்பாதித்த காசு, பத்தடி தூரத்தில், அலமாரிக்குள் இருந்தது. அவர்மேல் கோபம் வந்தது, அதைவிட என்மேல் வந்தது. முறைத்த பெண் முறைப்பை விட்டுவிட்டாள். பரவாயில்லை டீச்சர் என்றாள். அவளுக்கும் ஏதோ புரிந்துவிட்டது என்று எனக்குப் பட்டது, அதுதான் எல்லாவற்றையும்விட அவமானமாக இருந்தது.

பையை நீட்டச் சொன்னேன். அடுக்களைக்குப் போய் அரிசிப் பானையிலிருந்து இரண்டு கையாலும் அள்ளி அள்ளிக் கொண்டுவந்து போட்டேன். எங்கள் வீட்டில் வாங்குவது மெல்லிய சம்பா. பைக்குள் கிடந்த சிவப்பரிசியோடு அது ஒருநாளும் ஒத்து வேகாது. போகும்போது, அடுத்த மாதம் சம்பளத்துக்கு மறுநாள் வாருங்கள் என்று சொல்லியனுப்பினேன்.

அடுத்த சம்பளநாளில், அவர் வருவதற்குள், ஓட்டுக்குக் கேட்ட ஒன்றும் கூட ஒன்றுமாக இரண்டு ரூபாயை ஒரு துணியில் முடிந்து அரிசிப் பானைக்குள் கையை முட்டு வரை விட்டுப் புதைத்து வைத்தேன். மீதியை வழக்கம்போல அவரிடம் கொடுத்தேன். அவர் எண்ணிப் பார்த்துவிட்டு, இரண்டு குறைகிறதே என்றார். இருக்கிறது என்றேன். வீடு முழுவதும் தேடினாலும் அந்தப் பானைக்குள் அவர் கை போகாது.