பக்கத்து ஸ்டேஷன் எது?

இன்று அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனிக்கு வேலை கேட்டுப் போனேன். ஐம்பத்திரண்டு வயதில்.

மேனேஜர் என் சான்றிதழ்களைப் புரட்டக்கூட இல்லை.

"ஊட்டாண்ட எந்த ஸ்டேஷன் சார்?"

"செம்பரம்பாக்கம் சார். ஸ்டேஷன் கிடையாது. ரெண்டு பஸ் மாறி வருவேன்."

"ரயில் ரூட்ல கீறவங்கதான் டைமுக்கு வராங்க. அவங்களத்தான் எடுக்கறோம். பேசாம ஆவடி பக்கம் வந்துடுங்களேன்."

அங்கே வாடகை கொடுக்க முதலில் வேலை வேண்டும். வேலைக்கு முதலில் அங்கே வீடு வேண்டும்.

எங்கள் பக்கம் ரயில் வரும் என்று சொல்லி எனக்கு மனை விற்றவர், ஆவடி பக்கத்துச் சேக்காட்டில் ரயில் சத்தம் கேட்கும் தூரத்தில் குடியிருக்கிறார்.

உங்கள் வீட்டுக்குப் பக்கத்து ஸ்டேஷனைக் கீழே எழுதுங்கள். அடுத்த கம்பெனியில் அதையே என் முகவரியாகச் சொல்லிப் பார்க்கிறேன்.