அத்தை சொல்லாத ஓகே

என் அத்தைக்கு ஆங்கிலத்தில் தெரிந்தது ஒரே ஒரு சொல். பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் கல்லறையைப் பார்க்க வருகிறவர்கள் அவளிடம் வழி கேட்பார்கள். அவள் கையை நீட்டிக் காட்டினால் "ஓகே" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அவர்கள் விட்டுப்போனதை அத்தை எடுத்து வைத்துக்கொண்டாள்.

சோறு போதும் என்பதற்கும் ஓகே, இன்னும் கொஞ்சம் போடு என்பதற்கும் ஓகே. அம்மா திட்டி முடித்ததும் ஒரு ஓகே வரும். நீ கத்து, நான் கேட்கவில்லை என்று அதற்குப் பொருள். செத்துப்போன பூனையைப் புதைத்துவிட்டுக் கை கழுவும்போதுகூட மெல்ல ஓகே என்றாள். எனக்கு எல்லாம் விளங்கும். என் அப்பாவுக்கு, அதாவது நைனாவுக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். "இன்னாத்துக்கெடுத்தாலும் ஓகேவா? தமிழ்ல வாய் வராதா ஒனக்கு?" என்பார்.

அந்த அத்தையைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்கு வெகுதூரம் உள்ளே தள்ளி ஓர் ஊர், உப்புத்தண்ணீர் கண்ணிலேயே படாது. தங்கை தன் பேச்சைத் தட்டமாட்டாள் என்று நைனா பாதி வாக்குக் கொடுத்துவிட்டிருந்தார். மாப்பிள்ளையின் அம்மா நல்ல மாதிரி. "பொண்ணு அது வாயால சம்மதம்னு சொல்லட்டும், அது போதும்" என்றார்.

எல்லோரும் அத்தையைப் பார்த்தோம். எந்த ஓகே வரப்போகிறது என்று நான் காத்திருந்தேன். அத்தை எழுந்தாள். சுவரில் மாட்டியிருந்த, இறால் பிடித்துப் போடும் ஓலைப்பறியை எடுத்து, அதன் விளிம்பைப் பல்லால் கடித்துக்கொண்டு, நேரே வாசலுக்கு எதிரே இருந்த ஏரிக்குள் இறங்கிவிட்டாள்.

எங்கள் பெண்கள் அப்படித்தான் இறால் பிடிப்பார்கள். பறி வாயில் தொங்கும், இரண்டு கைகளும் சேற்றைத் தடவும். வாயில் பறி இருக்கிறவளிடம் எங்கள் பக்கத்தில் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். வந்தவர்களுக்கு அது தெரியாது. "நல்ல வேலைக்காரப் பொண்ணு" என்று சந்தோஷப்பட்டார்கள். நைனா மட்டும் தலையைக் குனிந்துகொண்டார்.

எனக்கு அத்தை மேல் கொள்ளைப் பிரியம். பாவம், பறி இருப்பதால்தானே அவளால் பேச முடியவில்லை என்று தண்ணீருக்குள் ஓடினேன்.

"அத்தே, பறியக் குடு, நான் புடிச்சிக்கிறேன். ஓகேன்னு சொல்லிட்டு வாங்கிக்கோ."

அத்தை மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். பறியை இன்னும் இறுக்கிக் கடித்தாள். உதவிக்குப் போனவளை இப்படியா விரட்டுவது என்று எனக்குக் கோபம்.

வந்தவர்கள் காத்திருந்து பார்த்துவிட்டு, பொன்னேரி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பினார்கள். அவர்கள் போன பிறகுதான் அத்தை கரையேறினாள். ஓடிப்போய்ப் பறிக்குள் எட்டிப் பார்த்தேன். ஒரு இறால்கூட இல்லை.

"இம்மா நேரம் இன்னாதான் பண்ணே?" என்றேன்.

நைனாவும் வந்து பறிக்குள் பார்த்தார். ஒன்றுமில்லாத பறியை அவர் ஏன் அத்தனை நேரம் பார்த்தாரோ. அத்தை வாயைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு அந்த ஊரு வேணாண்ணா" என்றாள். நல்ல தமிழில்தான் சொன்னாள்.

நைனா பறியை வாங்கி ஈரத்தை உதறினார். பிறகு, "ஓகே" என்றார்.

அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டது அன்று மட்டும்தான். அத்தை அப்படியே ஈர மணலில் உட்கார்ந்து அழுதாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அழாதே, நாளைக்கு நிறைய இறால் கிடைக்கும் என்று அவளைத் தேற்றினேன்.